முப்பதாயிரம் லிட்டருக்கு ஒரு டீ கிளாஸ்

மேல்நிலைத் தொட்டியில் ஏற்றும் குடிநீருக்கு, ஆயிரம் லிட்டருக்கு நான்கு கிராம் என்ற அளவில் வெளுப்புத்தூளை, அதாவது ப்ளீச்சிங் பவுடரை, எடைபோட்டு எடுக்க வேண்டும். அதை வாளித் தண்ணீரில் கரைத்து, அரைமணி நேரம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் தொட்டியில் சேர்க்க வேண்டும். கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும்.

விதி இவ்வளவுதான். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேதியியலாளராக இருந்த காலத்தில் இதை நான் எத்தனை கூட்டங்களில் ஒப்பித்திருப்பேன் என்று கணக்கில்லை. கேட்டவர்கள் தூங்கினார்கள். சொன்ன எனக்கே சில சமயம் கொட்டாவி வந்தது.

ஓய்வு பெற்ற பிறகு அந்த விதி வீடு தேடி வந்து கதவைத் தட்டியது. ஓர் ஆவணி மாதக் காலை அது. தேனியில் வெயில் சரியாக ஏறவில்லை. வாசலில் ஒரு பெண், சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டு, கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு காகிதத்துடன் நின்றிருந்தாள்.

“சார், என்னையத் தெரியுதா? ஈஸ்வரி. சின்னமனூர் ட்ரெய்னிங்ல மொத வரிசையில உக்காந்திருந்தேன்.”

எனக்குத் தெரியவில்லை. தெரிகிறது என்றேன். ஓய்வு பெற்றவர்கள் கடைப்பிடிக்க வேண்டிய நடைமுறைகளில் இதுவும் ஒன்று.

சின்னமனூருக்கும் குச்சனூருக்கும் இடையில் உள்ள ஓர் ஊரில் அவள் தண்ணீர்த்தொட்டி ஆபரேட்டர். மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் ஏற்றுவது, ஏணியில் ஏறிப் பவுடர் கலப்பது, இறங்கி வந்து தெருத் தெருவாக வால்வு திறப்பது அவள் வேலை. பதினைந்து வருடங்களாகச் செய்கிறாள். சட்டை ஏணி ஏறுவதற்காக.

உறைக்குள் இருந்தது ஒரு குறிப்பாணை. ஆடி மாதத்தில் கிழக்குத் தெருவில் நாலைந்து வீடுகளில் வயிற்றுப்போக்கு. தண்ணீர் மாதிரி எடுத்துப் பார்த்ததில் கடைசிக் குழாயில் குளோரின் அறவே இல்லை. பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும். முடிவு தெரியும்வரை அவள் தொட்டிப் பக்கம் போகக்கூடாது.

எவ்வளவு பவுடர் போட்டாய் என்று கேட்டேன். ஒப்புக்குத்தான் கேட்டேன். குறைத்துப் போட்டிருப்பாள் என்று முன்பே முடிவு செய்துவிட்டேன். வாடை அடிக்கிறது என்று தெருக்காரர்கள் திட்டினால் எல்லா ஆபரேட்டரும் அதைத்தான் செய்வார்கள்.

“ஒரு கிளாஸ் சார். தலை தட்டி. நீங்க சொன்ன அளவுதான, கூடவும் போடல, கொறைக்கவும் இல்ல.”

இன்னொரு காகிதத்தையும் எடுத்து நீட்டினாள். மோட்டார் அறைக் கதவில் பன்னிரண்டு வருடமாக ஒட்டியிருந்ததாம். ஓரம் கரையான் தின்றிருந்தது. ‘முப்பதாயிரம் லிட்டர் தொட்டிக்கு ஒரு டீ கிளாஸ் (தலை தட்டி)’ என்று என் கையெழுத்தில் இருந்தது. கீழே என் ஒப்பம், தேதியுடன். கரையான் அதைத் தொடவில்லை.

தராசு வராத கதை

நான் ஏன் அப்படி எழுதினேன் என்று சொல்ல வேண்டும்.

எடைபோட்டு எடுக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. எடைபோடத் தராசு வேண்டும் என்று விதி சொல்லவில்லை. அது தானாக விளங்கும் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. தொட்டிக்கொரு சிறு தராசு கேட்டு நான் கருத்துரு அனுப்பினேன். எத்தனை தொட்டி என்று கேட்டார்கள். சொன்னேன். என்ன வகைத் தராசு என்று கேட்டார்கள். சொன்னேன். தொட்டிகளின் எண்ணிக்கைக்குச் சான்று கேட்டார்கள். அதற்குள் இரண்டு தொட்டி இடிந்து, மூன்று புதிதாக வந்துவிட்டன. எண்ணிக்கை ஒத்துவரவில்லை என்று கோப்பு திரும்பியது.

இந்த நிலையில்தான் சின்னமனூரில் இருபது ஆபரேட்டர்களுக்குப் பயிற்சி. நூற்றிருபது கிராம் எடுங்கள் என்றேன். எதுல சார் எடுக்க என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கடையிலிருந்து டீ வந்தது. பெரிய, தடித்த, அடி கனத்த கண்ணாடி கிளாஸ்.

அன்று சாயங்காலமே ஒரு கிளாஸைப் பரிசோதனைக் கூடத்துக்கு எடுத்துப் போய், பவுடரை நிரப்பி, தலை தட்டி, ரசாயனத் தராசில் வைத்தேன். நூற்றுப் பதினெட்டு கிராம். இரண்டு கிராம் வித்தியாசத்துக்கு யாரும் செத்துவிட மாட்டார்கள். மறுநாள் கம்பீரமாக அறிவித்தேன், ஆளுக்கொரு தாளும் எழுதிக் கொடுத்தேன். இருபது பேரும் போகும்போது ஆளுக்கொரு கிளாஸ் எடுத்துக்கொண்டு போனார்கள்.

டீக்கடை தங்கராசு அதை இன்றுவரை மறக்கவில்லை. பரிசோதனைக் கூடம் எனக்கு ஒரு பாராட்டுக் கடிதம் கொடுத்தது. உள்ளூர்ப் பொருளைக் கொண்டு எளிய தீர்வு கண்டதற்காக.

கரைவதும் கரையாததும்

போன வாரம் இந்தத் தொடரில் அணைத் தண்ணீரின் நிறம் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, ‘ரசாயனம் புரியும்படி எழுதினால் நல்லது’ என்று உத்தமபாளையத்து வாசகர் ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். அவருக்காக இந்தப் பகுதி. மற்றவர்கள் தாண்டிப் போகலாம்.

உப்பைத் தண்ணீரில் போட்டால் கரைந்து காணாமல் போகும். ஓரளவுக்கு மேல் போட்டால் அடியில் தங்கிவிடும். தண்ணீர் ‘போதும்’ என்று சொல்லும் இடம் அது. அந்த இடம் பொருளுக்குப் பொருள் மாறும். சர்க்கரையைத் தண்ணீர் அள்ளி அள்ளி வாங்கிக்கொள்ளும். சுண்ணாம்பை ஒரு சிட்டிகைக்கு மேல் வாங்காது.

வெளுப்புத்தூளில் இந்த இரண்டு குணமும் ஒரே டப்பாவில் இருக்கிறது. வேலை செய்யும் பகுதி கரைந்துவிடும். கூட வந்த சுண்ணாம்பு கரையாமல் அடியில் உட்கார்ந்துவிடும். கல்யாண வீட்டுக்கு ஒருவரைக் கூப்பிட்டால் கூடவே நாலு பேர் வந்து உட்கார்ந்துவிடுவதைப் போல. அதனால்தான் வாளியில் கரைத்து, தெளியவிட்டு, தெளிவை மட்டும் ஊற்றச் சொல்கிறோம். பவுடரை அப்படியே தொட்டிக்குள் கொட்டினால் சுண்ணாம்பு தரையில் படியும். முதலில் தண்ணீர் பிடிக்கும் தெருவுக்கு மருந்து வாடை, கடைசித் தெருவுக்கு ஒன்றுமில்லை.

கலக்காத டீயைக் குடித்தவர்களுக்கு இது தெரியும். முதல் வாய் கசப்பு, கடைசி வாய் பாகு. போட்ட சர்க்கரை என்னவோ ஒன்றுதான்.

ஒரு குடத்துக்கு ஓர் எள்

லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் என்றால் எவ்வளவு? பயிற்சியில் இதைச் சொன்னதும் எல்லோரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

குச்சனூர்ப் பக்கத்து ஆட்களுக்கு எள்ளைத் தெரியும். சனிக்கிழமை கோயில் வாசலில் பொட்டலம் பொட்டலமாக விற்பார்கள். ஓர் எள் சுமார் மூன்று மில்லிகிராம். ஒரு குடம் சுமார் பதினைந்து லிட்டர். ஆகவே கடைசி வீட்டுக் குடத்தில் ஓர் எள் எடைக்குக் குளோரின் இருந்தால் போதும், அந்த வீட்டுப் பிள்ளைக்கு வயிறு கெடாது.

செறிவு என்பதை என்னால் இதைவிட எளிதாகச் சொல்ல முடியாது. எவ்வளவு போட்டாய் என்பது பாதிக் கேள்விதான். எவ்வளவு தண்ணீரில் போட்டாய் என்பது மறுபாதி.

ஈஸ்வரியின் தொட்டி அதே முப்பதாயிரம் லிட்டர். கிளாஸும் அதே ‘ஒரு கிளாஸ்’. அப்படியானால் எள் எங்கே போனது?

பதினோரு குறைபாடுகள்

இதை யோசிக்காமல் நான் வேறொன்று செய்தேன். எனக்குக் கைவந்தது எதுவோ அதைச் செய்தேன்.

இரண்டு நாள் உட்கார்ந்து அவளுக்காக ஒரு விளக்கம் எழுதினேன். மாதிரி எடுத்த பாட்டில் கழுவப்பட்டதற்குப் பதிவு இல்லை. எடுத்த நேரம் குறிக்கப்படவில்லை. குழாயை இரண்டு நிமிடம் ஓடவிட்ட பிறகு எடுத்ததற்குச் சாட்சி இல்லை. குறிப்பாணையில் அவள் ஊர்ப் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது. இப்படிப் பதினோரு குறைபாடுகள். படித்துப் பார்த்து எனக்கே என்மேல் மரியாதை வந்தது. டீ கிளாஸ் தாளைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. மறந்து விட்டுவிட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

ஈஸ்வரி வந்ததும் முழுவதையும் படித்துக் காட்டினேன். தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டாள்.

“நல்லா இருக்கு சார். ஆனா நான் செஞ்சது சரியா தப்பான்னு இதுல எங்கன இருக்கு?”

அது அவசியமில்லை, இதிலேயே அவர்கள் விட்டுவிடுவார்கள் என்றேன்.

“விட்டுருவாக. ஆனா கெழக்குத் தெருவுக்காரவுக எம்மூஞ்சியில முழிக்கணும்ல? ஈஸ்வரி தூங்கிட்டா, பவுடரே போடலன்னு பேசுறாக. நான் போட்டேன் சார்.”

குரலை உயர்த்தவில்லை. மூக்குத்தியைத் திருகிக்கொண்டே சொன்னாள். நான் அந்த ஆறு பக்கங்களையும் மடித்து வைத்துவிட்டு, அந்தக் கிளாஸைக் கொண்டுவா என்றேன்.

கொண்டுவந்தாள். பார்த்தவுடன் எனக்கு விளங்கிவிட்டது. நான் கொடுத்த கிளாஸ் அதுவல்ல.

தங்கராசின் சொந்த டீ

பழைய கிளாஸ் ஆனி மாதம் ஏணியில் ஏறும்போது கை தவறி விழுந்து உடைந்துவிட்டது. அவள் என்ன செய்திருக்க வேண்டும்? வேறு ஆளாக இருந்தால் கைக்கு அகப்பட்ட டம்ளரை எடுத்திருப்பார்கள். ஈஸ்வரி நடைமுறை தவறாதவள். பேருந்து ஏறிச் சின்னமனூர் போய், அதே கடையில், அதே தங்கராசிடம், அதே டீ கிளாஸ் ஒன்று கேட்டு வாங்கி வந்திருக்கிறாள்.

கடையும் மாறவில்லை, தங்கராசும் மாறவில்லை. கிளாஸ்தான் மாறிவிட்டது. விலையை ஏற்றினால் ஆட்கள் முறைக்கிறார்கள் என்று டீக்கடைகள் எல்லாம் சத்தமில்லாமல் கிளாஸைச் சுருக்கிக்கொண்டே வந்ததை, தினம் இரண்டு டீ குடிக்கும் நானே கவனிக்கவில்லை. ஆற்றி நுரையோடு ஊற்றினால் நிறைந்துதான் தெரிகிறது.

நானும் ஈஸ்வரியும் தங்கராசின் கடைக்குப் போனோம். பழைய கிளாஸ் ஒன்றாவது இருக்கிறதா என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இருபது கிளாஸக் கொண்டுபோன ஆளுதான நீங்க? இப்ப மிச்சத்துக்கு வந்திருக்கீகளா?”

இருந்தது. ஒன்றே ஒன்று. தங்கராசு தன்னுடைய சொந்த டீயை அதில்தான் குடித்துவந்தார். ஊருக்கெல்லாம் சிறிய கிளாஸ், தனக்கு மட்டும் பழைய அளவு. அப்போதும் அது டீயோடு ஆவி பறக்க அவர் முன்னால் இருந்தது.

ஒரு பெண்ணின் வேலை இதில் இருக்கிறது என்று நான் விளக்கினேன். அதெல்லாம் சரி, நான் எதில் குடிப்பது என்றார். கடை நிறையக் கிளாஸ் இருக்கிறதே என்றேன். அதையெல்லாம் மனிதன் குடிப்பானா என்று கேட்டுவிட்டு, சொன்னது காதில் விழுந்துவிட்டதோ என்று பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்துக்கொண்டார். ஈஸ்வரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ஒரு வாரத்தில் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு, டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கழுவிக் கொடுத்தார்.

ஏலக்காய்த் தராசு

இரண்டு கிளாஸையும் எடைபோட வேண்டும். பரிசோதனைக் கூடத்துக்குள் ஓய்வு பெற்றவன் நுழைய முன் அனுமதி வேண்டும். அந்த விதியை எழுதியதில் எனக்கும் பங்கு உண்டு.

போடியில் என்னோடு படித்த ஜெபராஜ் ஏலக்காய் வியாபாரம் செய்கிறார். ஒரு கிராம் சுத்தமாகக் காட்டும் தராசு வைத்திருக்கிறார். பையில் பவுடர் பொட்டலத்துடன் கடைப்படி ஏறினேன். படியில் கால் வைத்திருப்பேன், உள்ளிருந்து ஜெபராஜின் குரல் வந்தது.

“ஏலே, என்னத்தக் கொண்டாந்த? அங்கனயே நில்லு.”

ஏலக்காய் பக்கத்தில் இருக்கும் எந்த வாடையையும் பிடித்துக்கொள்ளும். நாற்பது மூட்டைச் சரக்கு கிடக்கும் கடைக்குள் வெளுப்புத்தூளைக் கொண்டுபோவது கோயிலுக்குள் செருப்போடு போவதைவிட மோசம். வேதியியல் படித்தவன் நான்; எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஜெபராஜ் பள்ளிக்காலத்தில் வேதியியலில் தேறாதவர். அன்று அவர் என் படிப்பைப் பற்றிச் சொன்னதை இங்கே எழுதவில்லை.

கடைசியில் தராசு தெருவைத் தாண்டி எதிர்ப்புறப் புங்கமரத்தடிக்கு வந்தது. காற்று அடிக்காமல் இருக்க ஜெபராஜ் தன் குடையை விரித்துப் பிடித்தார். ஈஸ்வரி நிரப்பித் தலை தட்டினாள். நான் எண்ணைப் படித்தேன்.

பழைய கிளாஸ், நூற்றுப் பதினெட்டு. புதிய கிளாஸ், அறுபத்து நான்கு.

ஆனி மாதத்திலிருந்து ஈஸ்வரியின் ஊர் பாதி மருந்துத் தண்ணீர் குடித்திருக்கிறது. சாதாரண நாளில் அதுவே ஒப்பேறியிருக்கும். ஆடியில் ஆறு கலங்கலாக வரும். இருக்கிற குளோரினை அந்த அழுக்கே தின்றுவிடும். கடைசித் தெருவுக்கு ஓர் எள்கூட மிஞ்சாது.

“அப்ப வயித்தால போனது எங்கையாலதானா சார்?”

இல்லை, என் கையால் என்றேன். வேலையில் இருந்த காலம் முழுவதும் நான் சொல்லாத வாக்கியம் அது. சொல்வதற்கு இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று தெரியாது.

ஒரு பக்கக் கடிதம்

அன்று அவள் எழுதிய விளக்கம் நான்கு வரி. தினமும் பவுடர் போட்டேன், சொன்ன அளவில் போட்டேன், கிளாஸ் உடைந்து வேறு வாங்கினேன், அது சிறியது என்று எனக்குத் தெரியாது. என் கடிதம் ஒரு பக்கம். எடைபோட வேண்டிய இடத்தில் கிளாஸால் அளக்கச் சொன்னது நான், தவறு என்னுடையது, என்மேல் நடவடிக்கை எடுத்துக்கொள்ளுங்கள், அந்த அம்மாளை வேலையில் சேருங்கள், தொட்டிக்கொரு தராசு கொடுங்கள். இரண்டு கிளாஸின் எடையையும், கரையான் விட்டுவைத்த என் ஒப்பத்தையும் இணைத்திருந்தேன்.

பதினைந்தாம் நாளுக்குள், குறிப்பாணை அனுப்பிய அலுவலகத்துக்கே நேரில் போய்க் கொடுத்து முத்திரை வாங்கினேன். அலுவலகத்தில் இருந்த உதவியாளர் இரண்டு முறை படித்துவிட்டு, இதை எந்தக் கோப்பில் வைப்பது என்று கேட்டார். குற்றம் சாட்டும் மனுவுக்கு ஒரு கோப்பு உண்டு, மறுக்கும் மனுவுக்கு ஒன்று உண்டு, தானாக வந்து ஒப்புக்கொள்பவருக்கு இதுவரை கோப்பு திறக்கவில்லையாம்.

மற்ற பத்தொன்பது பேரையும் தேடிப்பிடித்துப் பேசினேன். பெரும்பாலோரிடம் பழைய கிளாஸ் பத்திரமாக இருந்தது. இருவர் உடைத்துவிட்டு ஏதோ டம்ளரில் போட்டுக்கொண்டிருந்தார்கள். வருசநாட்டுப் பக்கத்து ஆபரேட்டர் ஒருவர், அந்தக் கிளாஸ் டீ குடிக்கத்தான் கொடுத்தது என்று நினைத்து, இத்தனை வருடமும் அதில் டீ குடித்துவந்திருக்கிறார். பவுடரைக் கைமதிப்பில் போட்டிருக்கிறார். அவருடைய தண்ணீரில் ஒரு தடவையும் குறை வந்ததில்லை. இதை நான் எந்த அறிக்கையிலும் சேர்க்கவில்லை.

தங்கராசுக்குக் கிளாஸைத் திருப்பிக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்து வாங்கிக்கொண்டார்.

மாற்று ஆள்

புரட்டாசி போனது, ஐப்பசி மழையும் போனது. பதில் இல்லை. ஈஸ்வரிக்குச் சம்பளமும் இல்லை. திராட்சைத் தோட்டத்தில் கொடி கட்டப் போய்க்கொண்டிருந்தாள்.

அவள் இடத்தில் போட்டிருந்தவர் வீரணன். நல்ல மனிதர், குறை ஒன்றுதான்: நாலாவது படிக்கு மேல் ஏறினால் அவருக்குத் தலை சுற்றும். தொட்டிக்கு முப்பத்தாறு படி. இரண்டு வாரம் எப்படியோ சமாளித்தார். பிறகு ஒருநாள் ஈஸ்வரி வீட்டு வாசலில் போய் நின்று, ஆத்தா, நீ மட்டும் மேலே ஏறிப் பவுடரை ஊற்றிவிட்டு வந்துவிடு, கீழே உள்ளதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாராம்.

தொட்டிப் பக்கம் போகக்கூடாது என்று எழுத்து மூலம் தடுக்கப்பட்டவள் தினமும் விடியற்காலையில் தொட்டிமேல் ஏறினாள். தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பது நடத்தை விதிகளின்படி குற்றம். நான் தெரிவிக்கவில்லை. தெரிவிக்காததோடு நிற்கவில்லை. தேனிக் கடைத்தெருவில் பேட்டரியில் ஓடும் சின்னத் தராசு ஒன்றை வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். விதியில் உள்ளபடி எடைபோட்டு, நூற்றிருபது கிராம்.

ஏன் இந்த வேலை உனக்கு என்று கேட்டதற்கு, கிழக்குத் தெருக் கடைசி வீடு எங்க அக்கா வீடு சார் என்று மட்டும் சொன்னாள்.

பதில்

பதில் என் பெயருக்கு வந்தது. மூன்று பத்தி. ஈஸ்வரியின் விளக்கம் ஏற்கப்படுகிறது, எடைபோட்டே அளக்க வேண்டும் என்ற அறிவுரையுடன் ஏழு நாட்களுக்குள் பணியில் சேரலாம். கிளாஸ் அளவை எழுதிக் கொடுத்த நிகழ்வு நடந்து நான்காண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டபடியால், ஓய்வு பெற்ற தங்கள்மேல் நடவடிக்கை எடுக்க விதிகளில் இடமில்லை. தராசுகள் தொடர்பாகத் தனியே கருத்துரு அனுப்பினால் பரிசீலிக்கப்படும்.

இரண்டாவது பத்தியை மூன்று முறை படித்தேன். தண்டனை கேட்டும் கிடைக்காதவன் எப்படி உணர்வான் என்று விதிப் புத்தகங்களில் இல்லை.

கடிதத்தை எடுத்துக்கொண்டு முதல் பேருந்தில் அவள் ஊருக்குப் போனேன். வீரணன் ஏணியின் அடியில், மேலே பார்க்காமல், இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தொட்டியின் விளிம்பில் சேலையும் சட்டையுமாக ஈஸ்வரி வாளியை மெதுவாகச் சாய்த்துக்கொண்டிருந்தாள். சுண்ணாம்பு கலங்கிவிடக் கூடாதே என்று அவ்வளவு நிதானம். நான் கீழே நின்று முதல் பத்தியை உரக்கப் படித்தேன். அவள் நிறுத்தவில்லை. தெளிவு முழுவதும் இறங்கி, அடியில் வெள்ளை தெரிந்த பிறகு வாளியை நிமிர்த்தினாள்.

“ஏழு நாளைக்குள்ளயா சேரச் சொல்லிருக்காக?”

ஆமாம் என்றேன்.

“அப்ப நாளைக்கு வந்து சேந்துக்கிறேன் சார். இன்னைக்கு வேலை கெடக்கு.”

அன்று மாசி மாதம் இருபத்தொன்றாம் தேதி, வியாழக்கிழமை.